அடைத்ததும் அடித்ததும்

1

ஒரே ஒரு தாளில் கையெழுத்துப் போடாமல் ஒன்பது நாளாக இழுத்தடித்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தாள் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்த வில்லைக்கு அடியில் தொங்குகிறது. தண்ணீர் எடுக்கப் போனால் கண்ணில் படுகிறது. மோர் எடுக்கப் போனால் கண்ணில் படுகிறது. இரண்டு நாளாக மோர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன்.

கனடாவுக்கு வந்து, மான்ட்ரியல் நகரத்தில் குடியேறிப் பதினான்கு வருடம் ஆகிறது. இங்கே எல்லாக் காகிதமும் பிரெஞ்சில் வரும். அரசாங்கம் இலவசமாக நடத்துகிற பிரெஞ்சு வகுப்பில் இரண்டு முறை சேர்ந்து இரண்டு முறையும் பாதியில் நின்றவன் நான். அதனால் படிக்காமலே கையெழுத்துப் போடுவதில் நல்ல தேர்ச்சி உண்டு. வாடகை ஒப்பந்தம், தடுப்பூசி, பள்ளிச் சுற்றுலா, எதை நீட்டினாலும் போட்டுவிடுவேன். இந்த ஒரு தாளைத்தான் கைபேசியில் மொழிபெயர்த்து மூன்று தடவை படித்தேன். படித்ததுதான் வினை.

என் மகள் முத்துமாரிக்குப் பதினாறு வயது. அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, அவள் வயதும் எடையும் உள்ள இன்னொரு பெண்ணோடு மேடை ஏறி, இரண்டு நிமிடம் வீதம் மூன்று சுற்று குத்துச்சண்டை போட அப்பாவோ அம்மாவோ சம்மதிக்கிறோம் என்று அந்தத் தாள் சொல்கிறது. அப்பாவோ அம்மாவோ என்றுதான் இருக்கிறது. ஆனால் என் மனைவி ராஜி பேனாவோடு வந்தபோது மகள் தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என் கையெழுத்து போதும்னுதான் போட்டிருக்கு. அவளுக்கு ஒங்க கையெழுத்துதான் வேணுமாம். நீங்களாச்சு, ஒங்க மகளாச்சு," என்று ராஜி கழன்றுகொண்டாள். கயத்தாறுக்காரி. எதில் தலையிடக் கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இந்தக் கூத்துக்கு முதல் கையெழுத்தைப் போட்டவனும் நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். அதில் எனக்குப் புரிந்தது ஒரே சொல்: பாக்ஸ். இங்கே பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கோட்டும் பனிக்காலணியும் வைக்க ஆளுக்கொரு இரும்புப் பெட்டி கொடுப்பார்கள். அதற்குத்தான் அனுமதி கேட்கிறார்கள் என்று நினைத்துப் போட்டுக் கொடுத்தேன். பூட்டு வாங்க வேண்டுமா என்று வேறு கேட்டேன். அவள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றாள். பள்ளி முடிந்த பிறகு நடக்கிற குத்துச்சண்டை வகுப்புக்கு பிரெஞ்சில் அதுதான் பெயராம். தீப்பெட்டி செய்கிற ஊர்ப்பக்கம் பிறந்தவனுக்கு பாக்ஸ் என்றால் பெட்டிக்கு மேல் எதுவும் தோன்றாது. என்ன செய்ய?

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டுக்கு வந்தால், 'நான் ஹாக்கி ஊர்க்காரன்' என்று யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள்.

நான் திறந்தேன். வந்த புதிதில் வேலை தேடுகிறவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். விண்ணப்பத்தில் பொழுதுபோக்கையும் எழுதுங்கள், அப்போதுதான் உங்களை ஒரு ஆளாகப் பார்ப்பார்கள் என்றார் அந்த அம்மா. 'ஹாக்கி, கோவில்பட்டி பாலிடெக்னிக் அணி' என்று எழுதினேன். அடுத்த நேர்காணலில் எதிரே இருந்தவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "உங்கள் ஊரில் வருடத்துக்கு எத்தனை மாதம் பனி உறைந்திருக்கும்?" என்று கேட்டார். "பனியா? எங்கள் ஊரில் மழையே இருக்காது," என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். அந்த வேலை கிடைக்கவில்லை.

அடுத்த வீட்டு மிஷெல் இன்னும் நல்லவர். நான் ஹாக்கி ஆடியவன் என்று கேள்விப்பட்டதும் தன் மகனுடைய பழைய பனிச்சறுக்குக் காலணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். மனம் நோகக் கூடாதே என்று ஒரு நாள் மாட்டிக்கொண்டு பூங்காவில் இறங்கினேன். இரண்டாவது அடியில் விழுந்த விழுகையில் முழங்கை இன்றைக்கும் குளிர் வந்தால் குடைகிறது. இங்கே ஹாக்கி என்றால் பனிமேல் ஆடுவது மட்டும்தான். நாம் ஆடுகிறதற்குப் பெயர் 'புல் ஹாக்கி'. புல்லுக்கு நாம் எங்கே போனோம்? எங்கள் ஊரான இடைசெவலில் வற்றிய கண்மாய்க்குள் ஆடினோம். கரிசல் வெடிப்புக்குள் பந்து விழுந்தால் மட்டையை உள்ளே விட்டு நெம்பி எடுக்க வேண்டும். அதற்குள் எதிர் அணிக்காரன் பீடி பற்றவைத்துவிடுவான்.

நான் வேலை செய்கிற இடத்தில் சாப்பாட்டு நேரத்தில் உலகமே ஒரு மேசைக்கு வந்துவிடும். பிலிப்பைன்ஸ்காரர் ரொமெலுக்குக் குத்துச்சண்டைதான் சாமி. அவர் நாட்டு வீரன் மோதுகிற நாளில் ஊரில் தெரு வெறிச்சோடிவிடும் என்பார். அன்றைக்கு அவர் இங்கே 'காய்ச்சல்' என்று விடுப்புப் போடுவார். மெக்ஸிகோக்காரர் வீட்டில் குத்துச்சண்டை பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டோடு சேர்ந்தது. ஹெய்ட்டிக்காரர்களுக்குக் கால்பந்து. ஹாக்கி என்றால் மட்டை, பந்து, மண் என்று புரிந்துகொண்ட ஒரே ஆள் பஞ்சாப்காரர் குர்தீப். நானும் அவரும் அரைகுறை இந்தியில் பழைய ஆட்டங்களைப் பேசித் தீர்த்துவிட்டோம். இப்போது பேச ஒன்றும் மிச்சமில்லை.

நம் பக்கம் குத்துச்சண்டையை யார் கண்டது? வடசென்னையில் உண்டு என்று கேள்வி. அரியானாவிலோ மணிப்பூரிலோ ஒரு பெண் பதக்கம் வாங்கினால் பேப்பரில் படம் வரும். பார்ப்போம், அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம். கோடை வந்து கோவில்பட்டியில் ஹாக்கிப் போட்டி தொடங்கினால் மட்டும் தீப்பெட்டி ஆபீஸ் முடிந்து வருகிற ஆட்கள் தூக்குவாளியோடு அப்படியே மைதானத்துக்குப் போய் உட்காருவார்கள். ஆடுகிறவனும் அவர்கள் வீட்டுப் பிள்ளைதான்.

முத்துமாரியின் பயிற்சியாளர் மிரேய் என்கிற அம்மாள். ஐம்பது வயது இருக்கும், நகரப் பேருந்து ஓட்டுகிறார். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மாலை வேளையிலும் சில ஞாயிறு காலையிலும் கிளப் நடத்துகிறார். அந்தச் சுவரில் வரிசையாகப் படங்கள். முதலில் ஐரிஷ்காரர்கள், அப்புறம் இத்தாலிக்காரர்கள், அப்புறம் ஹெய்ட்டிக்காரர்கள். யார் எப்போது இந்த ஊருக்குப் பிழைக்க வந்தார்கள் என்று அந்தச் சுவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "பனி ஹாக்கிக்குக் கார் வைத்திருக்கிற அப்பா வேண்டும். இதற்கு பஸ் பாஸ் போதும்," என்றார் மிரேய். என்னிடம் கார் கிடையாது. அதனால் சிரித்துவைத்தேன்.

அப்படிப் பார்த்தால் அந்தக் கீழ்த்தளத்துக்கும் எங்கள் கண்மாய்க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கே அது தெரிகிறது. தெரிந்தும் கையெழுத்துப் போடவில்லை என்றால் காரணம் வேறு. அதைத்தான் சொல்ல வருகிறேன். சொல்லவும் அலுப்பாக இருக்கிறது.

3

என் அண்ணன் சங்கரபாண்டி என்னைவிட ஆறு வயது மூத்தவர். இடைசெவலில் ஆடு வைத்திருக்கிறார். கொஞ்சம் நிலம், அதில் உளுந்தும் சோளமும் போடுகிறார். அவர் மனைவி, என் மதினி கோமதி, இருபத்தைந்து வருடமாகத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர். நம் பக்கம் தொழிற்சாலை என்று யார் சொல்கிறார்கள், ஆபீஸ்தான். மதினிக்குப் பெட்டி அடைக்கிற வேலை. தீக்குச்சிகளைக் கை நிறைய அள்ளி, சின்னப் பெட்டியில் திணித்து, மேலுறைக்குள் கட்டைவிரலால் தள்ளுவது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் காணொளியில் பேசுவோம். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு அண்ணன் கேட்டார்.

"மாரிய எங்கலே காணோம்?"

"அவ பாக்ஸிங்குக்குப் போயிருக்காண்ணே."

"என்னது?"

"பாக்ஸிங்."

அந்தப் பக்கம் ஆடுகள் கத்தின. அண்ணன் எழுந்து கொஞ்ச தூரம் தள்ளிப் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏலே, அங்கனயும் தீப்பெட்டி ஆபீஸ் இருக்கா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே தொடர்ந்தார். "பெட்டி அடைக்கவாலே புள்ளைய அனுப்புத? படிக்க புள்ளல்லா அது. அம்புட்டுக் கஷ்டமா ஒனக்கு? வாயத் தொறந்து சொல்ல வேண்டாமா?"

அந்த இடத்தில் ஒரே வாக்கியம் சொன்னால் முடிந்திருக்கும். அண்ணே, அது பெட்டி இல்லை, குத்துச்சண்டை. நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். பொம்பளப் பிள்ளையை முகத்தில் அடிவாங்க அனுப்புகிறாயா என்று கத்துவார் என்கிற பயம் ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. எங்கள் வீட்டில் பெட்டி அடைக்கிற ஆள் உண்டு. அது நான்.

மருந்துக் கிடங்கு ஒன்றில் அட்டைப்பெட்டிகளில் சரக்கை அடுக்கி நாடா ஒட்டுகிறேன். பதின்மூன்று வருடமாக. பாலிடெக்னிக் சான்றிதழை இந்த ஊர் அரசாங்கத்துக்கு அனுப்பி, அவர்கள் கேட்ட காகிதத்தை எல்லாம் கொடுத்து, கடைசியில் இது இங்கே பத்தாம் வகுப்புக்குச் சமம் என்று ஒரு கடிதம் வந்தது. ஊரில் 'சப்ளை ஆபீசர்' என்று சொல்லிவைத்தேன். அண்ணன் அன்றைக்கு மாரிக்காகப் பரிதாபப்பட்டபோது, அது எனக்கு வரவேண்டியது என்று தோன்றியது. என் பெயரில் வாங்கிக்கொள்ளத் தைரியம் இல்லாமல் மகள் பெயரில் வாங்கிக்கொண்டேன். கேவலம்தான்.

அடுத்த ஞாயிறு முத்துமாரியே வந்து கைபேசிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவள் தமிழ் வீட்டுத் தமிழ். நாங்கள் பேசுவது புரியும், வேகமாகப் பேசினால் பாதி நழுவும்.

"ஏட்டி மாரி, அடைச்சு அடைச்சுக் கை வலிக்கா?" என்றார் அண்ணன்.

அவள் காதில் அது 'அடிச்சு அடிச்சு' என்று விழுந்தது. "வலிக்கும் பெரியப்பா. ஆனா எனக்குப் பிடிக்கும்."

"ஒரு நாளைக்கு எத்தன அடைப்ப?"

"நானூறு. சில நாள் ஐநூறு." மணல் மூட்டையில் குத்துகிற கணக்கைச் சொன்னாள்.

அண்ணன் பின்னால் திரும்பி, "ஏ கோமதி, ஐநூறாம்!" என்றார். மதினி முகத்தைக் கைபேசிக்குள் நுழைக்காத குறையாகக் கொண்டுவந்து சிரித்தார். "ஐநூறுதானா? நான் ஆயிரத்துக்குக் கொறஞ்சு ஒரு நாளும் அடைச்சதில்ல தாயி. வெரலுக்குத் துணி சுத்திக்கோ, என்ன? இல்லன்னா நெகம் போயிரும்."

"சுத்துறேன் பெரியம்மா. கை முழுக்கச் சுத்துறேன்."

நான் சோபாவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. பேச்சு முடிந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள். கண் இரண்டும் அப்படி மின்னின. "அப்பா! பெரியம்மா ஆயிரம் அடிப்பாங்களாம்!"

"ம்," என்றேன். அந்த 'ம்' ஒன்றரை வருடம் ஓடியது.

கிளப்பில் போய்ச் சொல்லியிருக்கிறாள், இந்தியாவில் என் பெரியம்மா ஆயிரம் குத்துகிறார்கள் என்று. கை ஓய்ந்து போகிற நேரத்தில் "பெரியம்மா" என்று முணுமுணுத்துக்கொண்டு இன்னொரு ஐம்பது குத்துவாளாம். மிரேய் என்னிடம் சொல்லி வியந்தார். உங்கள் குடும்பமே இதில் இருப்பது எனக்குத் தெரியாது என்றார். மொழி தெரியாததில் ஒரு வசதி உண்டு, தலையை ஆட்டிவிட்டு வந்துவிடலாம்.

இப்போது முதல் மேடை. பெரியப்பாவும் பெரியம்மாவும் பார்க்க வேண்டுமாம். கைபேசியை நான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். கையெழுத்து எதற்காக என்னிடமே கேட்கிறாள் என்றால், என் பக்கத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து தன்னை அனுப்புகிறார்கள், அவர்களுக்கும் சேர்த்து நான் போட வேண்டும் என்று நம்புகிறாள். அந்த மேடையை அண்ணன் பார்த்தால் அடைத்தது எது, அடித்தது எது என்று இரண்டு பக்கமும் தெரிந்துபோகும். இதுதான் ஒன்பது நாள் காரணம்.

4

பத்தாம் நாள் பள்ளியிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள மிரேய்கிட்ட கொடுக்கணும்."

"மூஞ்சில அடிபடும்மா."

"உங்களுக்கு முன்பல் ஒண்ணு இல்லையே."

"அது ஹாக்கி."

"ஹாக்கிப் பந்து பஞ்சா அப்பா?"

அவள் விடவில்லை. "பெரியம்மா ஆயிரம் அடிக்கிறாங்க. அவங்களே ஒண்ணும் சொல்லலை. நீங்க மட்டும் ஏன் பயப்படுறீங்க?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சாமி மாடத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் குச்சிகளைக் கொட்டினேன். அள்ளினேன். பெட்டியில் திணித்தேன். கட்டைவிரலால் உள்ளே தள்ளினேன். "இதுதான் உன் பெரியம்மா செய்யிற வேலை. இதுக்குப் பேரு அடைக்கிறது. நீ செய்யிறது அடிக்கிறது. நீயும் இதைச் செய்யிறதாத்தான் அவங்க நினைச்சுக்கிட்டு இருக்காங்க." என் வேலை என்னவென்று அவளுக்குத் தெரியும். அதை ஊரில் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் தீப்பெட்டியை வாங்கிப் பார்த்தாள். "அடைச்சு... அடிச்சு..." என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்போ அங்க யாருக்கும் என்னைத் தெரியாதா அப்பா?"

அவ்வளவுதான் கேட்டாள். பையோடு அறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ஃபிரிட்ஜ் கதவில் காந்த வில்லை மட்டும் இருந்தது. அன்றைக்கும் அடுத்த நாளும் பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்கு வந்தாள். கைக்குச் சுற்றுகிற துணிப்பட்டைகள் குளியலறைக் கொடியில் காய்ந்துபோய்த் தொங்கின. நான் நினைத்தது நடந்துவிட்டது, இனி கையெழுத்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

சாப்பாட்டில் ராஜி எனக்கு முன்னால் டம்ளரை வைத்தாள். "மோர் குடிங்க. அதான் இப்போ தாளு இல்லல்லா."

5

எங்கள் வீட்டில் விளையாட்டை மறைப்பது புதிது இல்லை. எனக்குப் பதின்மூன்று வயதில் கண்மாய்க்குள் ஆடும்போது பந்து வாயில் பட்டுப் பல் போனது. அண்ணன் அதற்குச் சில வருடம் முன்பே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவோடு ஆட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தார். மேய்கிற ஆட்டை அம்போ என்று விட்டுவிட்டுத்தான் எங்களோடு ஆட வருவார். எங்கள் எல்லாரையும் விட நன்றாக ஆடுவார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கடைசிவரை அதையே நம்பினாள். அதற்குப் பிறகு நான் ஆடினேன், படித்தேன், பாலிடெக்னிக் அணிக்குப் போனேன். அண்ணன் ஆட்டோடு போனார்.

இரண்டு நாள் பொறுத்தேன். வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம் நான்கு மணி. அண்ணன் கரிசல்காட்டில் ஒரு வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, மாரி பெட்டி அடைக்கல."

"நிப்பாட்டிட்டியா? நல்ல காரியம் செஞ்ச."

"அவ என்னைக்குமே அடைக்கலண்ணே. பெட்டி அடைக்கது நான்தான்."

"நீயா? சப்ளை ஆபீசர்னுல்லா சொன்ன?"

"சப்ளை பண்ணுத பெட்டிய அடைக்கேன்."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எத்தன வருசமா?"

"பதிமூணு."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம், "அப்ப புள்ள என்னதான் செய்யுதா?" என்றார்.

"குத்துச்சண்டைண்ணே. கையில உறை மாட்டிக்கிட்டு இன்னொரு புள்ளைய அடிக்கா. போட்டி."

"அந்தப் புள்ள திருப்பி அடிக்குமா?"

"அடிக்கும்."

"மூஞ்சிலயா?"

"மூஞ்சிலயும்."

அவ்வளவுதான், வெடித்துவிட்டார். "ஒண்ணர வருசமா ஒம்மதினி ஆபீஸ்ல எல்லார்ட்டயும் சொல்லிச் சொல்லி அழுதா. எங்கொழுந்தன் மவளும் அங்கன பெட்டிதான் அடைக்கா, எங்கிட்டுப் போனாலும் இந்தப் பெட்டி விட மாட்டேங்குன்னு. நீ கேட்டுக்கிட்டு வாய மூடிட்டு இருந்திருக்க! நீயெல்லாம் ஒரு மனுசனாலே?" திரை அணைந்துவிட்டது.

வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. கிளம்பவில்லை, உட்கார்ந்திருந்தேன். அரை மணி கழித்து மதினி கூப்பிட்டார். ஆபீஸ் வேனிலிருந்து அப்போதுதான் இறங்கியிருக்க வேண்டும், சேலையில் தீக்குச்சி மருந்துத் தூசி.

"மதினி..."

"ஒங்ககிட்டப் பேச வரல தம்பி. மாரிய எழுப்புங்க."

முத்துமாரி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, கையக் காட்டு."

அவள் கையை மடக்கிக் காட்டினாள். விரல் முட்டிகள் காய்த்துப்போய்த் தோல் தடித்திருந்தன. மதினி தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நகம் பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. இந்தப் பதினான்கு வருடத்தில் நான் அந்த விரலைப் பார்த்ததே இல்லை.

"நான் யாரையும் அடிக்கல தாயி. அடைச்சேன்."

"தெரியும் பெரியம்மா. நான்தான் தப்பாக் கேட்டேன்."

"நானும் தப்பாத்தான் கேட்டேன். ஆனா ஆயிரம்னது நெசம். அதுல பொய் இல்ல, பாத்துக்கோ." கைபேசிக்கு இன்னும் கிட்டே வந்து, "அந்தப் புள்ள அடிச்சா வலிக்குமாட்டி?" என்றார்.

"கொஞ்சம்."

"நீ அடிச்சா அதுக்கு?"

"கொஞ்சம் அதிகமா."

மதினி சத்தம் போட்டுச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

"பெரியப்பா கோபமா இருக்காங்களா?" என்றாள் இவள்.

"அவிய ஆட்டுக்குப் பின்னால போயிட்டாவ. வருவாவ. என்னைக்கு அந்தப் போட்டி? எங்களுக்கும் காட்டணும், கேட்டியா?"

தாளை அவள் கிழித்துப் போடவில்லை. பள்ளிப் பையின் அடியிலிருந்து எடுத்துவந்தாள், நான்காக மடித்திருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் வைத்து நீவிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கிடங்கில் அன்றைக்கு ஒரு மணி நேரம் தாமதம். மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

6

மேலே உள்ளதை எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. போட்டி முடிந்துவிட்டது. அதையும் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

தேவாலயக் கூடத்தில்தான் மேடை போட்டிருந்தார்கள். மடக்கு நாற்காலிகள், காப்பி வாசனை, நாலா திசை மொழியும். கிடங்கிலிருந்து ரொமெல் மனைவி மக்களோடு வந்திருந்தார். குர்தீப்பும் வந்து, ஒன்றும் புரியாமல் கை தட்டினார். காலை பதினொரு மணி. இடைசெவலில் ராத்திரி எட்டரை. மதினி கைபேசியை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் திரையில் இல்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்னோடு பேசவும் இல்லை.

பள்ளியில் முத்துமாரி எப்போதோ 'மரீ' ஆகிவிட்டாள். வேலுச்சாமி என்கிற என் பெயர் அவளுடைய குடும்பப் பெயர். ஒலிபெருக்கியில் "மரீ வெலுஷாமி" என்று முழங்கினார்கள். கோவில்பட்டி மைதானத்தில் என் பெயரை மைக்கில் ஒரு தடவையாவது சொல்ல மாட்டார்களா என்று ஒரு காலத்தில் ஏங்கியிருக்கிறேன். நான் எப்போதும் மாற்று ஆட்டக்காரன், பெஞ்சோடு சரி. அன்றைக்கு அதைச் சொன்னபோது என்னைச் சொன்ன மாதிரியே இல்லை.

ஆட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜி என் தோள்பட்டையை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது சுற்றில் கூடமே 'ஓ' என்றது. நிமிர்ந்தேன். முத்துமாரியின் உதட்டில் ரத்தம். கைபேசிக்குள்ளிருந்து ஒரு கத்தல் வந்தது: "விடாத மாரி! உள்ள போ! உள்ள போ!" கண்மாய்க்குள் எங்களை விரட்டுகிற அதே குரல். அண்ணன் திரைக்கு வெளியே எங்கேயோ நின்று அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

தோற்றுவிட்டாள். நடுவர் மற்றப் பெண்ணின் கையைத் தூக்கினார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மிரேய் அவள் தலைக்காப்பைக் கழற்றி உதட்டில் பனிக்கட்டியை வைத்து என்னிடம் அனுப்பினார். உதடு பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது.

"போனை அவகிட்டக் குடுலே," என்றார் அண்ணன். ஒரு மாதம் கழித்து என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

"பெரியப்பா, தோத்துட்டேன்."

"அது கெடக்கட்டும். எத்தன அடிச்ச?"

"தெரியல பெரியப்பா. எண்ணல."

அண்ணன் திரும்பினார். "ஏ கோமதி, நீ சொல்லு."

மதினி முன்னால் வந்தார். விரல் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார், கணக்கு தவறிவிடாமல் இருக்க. "பட்டது நாப்பத்தொண்ணு தாயி. காத்துல போனத நான் சேக்கல. ஆபீஸ்லயும் கழிவைக் கணக்குல சேக்க மாட்டாவ."

முத்துமாரி பனிக்கட்டியை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, பெரியம்மா என்னை எண்ணினாங்களா?"

வழக்கமாக அவள் தமிழைத் திருத்துவேன், 'என்னை' இல்லை, 'என் அடியை' என்று. அன்றைக்கு, "ஆமாம்மா, எண்ணினாங்க," என்றேன்.